கம்பி எந்தப் பக்கம்

டான்ரிவ் நிலத்துக்கும் பென்ரிவ் நிலத்துக்கும் நடுவில் நின்றதை வேலி என்று சொன்னால் அதற்கு நாம் செய்யும் மரியாதை. கம்பங்களில் பாதி உளுத்துப் போயிருந்தன. கம்பி துருவேறி, தொட்டால் கையோடு வந்தது. ஓட்டை பெரிதாக இருந்த இரண்டு இடங்களில் பழைய இரும்புக் கட்டிலின் தலைமாட்டைச் சார்த்திக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். வேல்ஸில் எங்கள் பக்கத்தில் கட்டிலுக்கு ஆயுசு முடிந்தால் அது வேலிக்குத்தான் போகும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கட்டில் ஒரு செம்மறிக் கிடாவைத் தடுக்காது. அதுவும் பென்ரிவ் இத்தெலின் கிடாவை எதுவும் தடுக்காது.

அந்தக் கிடாவின் பெயர் சார்ஜண்ட். வெள்ளை உடம்பு, பெட்டி மாதிரி முகம், கழுத்தே கிடையாது. மலைச்சரிவின் மேல்பாதி இத்தெலுடையது. கீழ்பாதியான டான்ரிவ் டிலிஸ், ஹெவின் தம்பதியுடையது. மேலிருந்து கீழே பார்த்தால் டிலிஸின் ஆடுகள் மேய்வது தெரியும். சார்ஜண்ட் போன நவம்பரில் அப்படிப் பார்த்துக்கொண்டே நின்றவன், ஒரு நாள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டான்.

டிலிஸின் ஆடுகள் சாதாரண ஆடுகள் அல்ல. பால்வென் ஜாதி. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் பட்டை, நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸ் போட்டது போல இருக்கும். டிலிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்துப் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வெளியே வந்தபோது இரண்டு ஆட்டில் ஆரம்பித்தாள். பார்த்துப் பார்த்துக் கிடா தேடி, கலப்பில்லாமல் வளர்த்து, இப்போது ஒன்பது பெண்ணாடுகள். பால்வென் ஆட்டுச் சங்கத்தின் பதிவேட்டில் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. போன ஏப்ரலில் குட்டிகள் விழுந்தபோது டிலிஸ் கொட்டகையில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தாள். கறுப்பாக வரவேண்டிய குட்டி சாம்பல் நிறத்தில், பெட்டி முகத்தோடு வந்தது. அடுத்ததும் அப்படியே. பாதிக்கு மேல் அப்படித்தான். அவள் கையைக்கூடக் கழுவாமல் சரிவேறிப் போய் இத்தெலின் கதவைத் தட்டினாள்.

"அது என் கெடா இல்ல. மலையில வேற கெடாவே இல்லையா?" என்றான் இத்தெல்.

"அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மலையில வேற எவன் திரியறான்?"

"சரி, வேலி யாருது? அதச் சொல்லு மொதல்ல."

வேலி டிலிஸுடையதுதான். கீழ்நிலத்துக்காரர்தான் மேலே இருந்து ஆடு இறங்காமல் வேலி போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவள் திரும்பி நடந்தாள். வேலி பற்றிக் கேட்டதை அவள் மன்னித்திருப்பாள். கண்ணைப் பார்த்து 'என் கெடா இல்ல' என்று சொன்னானே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் இத்தெல் பின்வரிசையிலிருந்து அடித்தொண்டையில் பாடுவான். அவன் குரல் தூக்கிப் பிடிக்காவிட்டால் எங்கள் ஜெபக்கூடத்தில் பாட்டு பாதியிலேயே படுத்துவிடும். டிலிஸ் அவன் பாடும் இடங்களில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள். இதை எல்லோரும் கவனித்தோம். போதகரும் கவனித்தார்.

அக்டோபர் பிறந்ததும் டிலிஸ் கணவனிடம் சொன்னாள். "இந்தத் தடவையும் அவன் கெடா எறங்கினா ஒன்பதையும் சந்தைக்கு ஏத்திடுவேன். கறுப்பா ஒரு ஆடுகூட இந்த நெலத்துல நிக்காது."

ஹெவின் பால் லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பார். அன்று கேலி வரவில்லை. மனைவி சொன்னால் செய்கிறவள் என்பது அவருக்குத் தெரியும். ஆடுகள் போய்விட்டால் அவள் காலையில் எதற்காக எழுந்திருப்பாள் என்று யோசித்தார், பயமாக இருந்தது. எழுந்து போய் ரப்பர் பூட்ஸைத் தேட ஆரம்பித்தார்.

கம்பி வலைச் சுருள்களும் கம்பங்களும் லாரியில் வந்து இறங்கின. நவம்பர் முதல் வாரம் ஊரெல்லாம் வாணம் விடும் இரவுக்குத்தான் எங்கள் பக்கத்தில் கிடாவைப் பெண்ணாடுகளோடு விடுவது வழக்கம். அப்படி விட்டால் ஏப்ரல் பிறக்கும்போது புல்லும் குட்டியும் சேர்ந்து வரும். அதற்குள் வேலி நின்றாக வேண்டும்.

முதல் நாள் காலையில் இருவரும் மேலே ஏறிப் போனபோது ஒன்றைக் கவனித்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், இத்தெலின் நிலத்தில், இடுப்பளவு மண்டிக் கிடந்த காட்டுப் பெரணியை யாரோ வெட்டித் தள்ளியிருந்தார்கள். வேலியை ஒட்டியே ஒரு வண்டி போகிற அகலத்துக்கு நீளமாக வழி கிடந்தது.

"பாத்தியா, கெடா வந்து நின்னு எட்டிப் பாக்க வசதி பண்ணிக் குடுத்திருக்கான்" என்றாள் டிலிஸ்.

"பாவம், பெரணி குத்துதுன்னு சார்ஜண்டு புகார் குடுத்திருப்பான்" என்றார் ஹெவின்.

மூலைக் கம்பம் நடுவதிலேயே ஒரு நாள் போனது. அதுதான் வேலியின் உயிர். ஓர் ஆள் தடிமன் உள்ள கம்பத்தை இடுப்பளவு பள்ளத்தில் இறக்கி, சுற்றிலும் கல்லும் மண்ணும் மாறி மாறிப் போட்டு, கடப்பாரையின் மொண்ணை முனையால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும். ஹெவினுக்கு முழங்கால் வலி. அதனால் டிலிஸ் குத்த, அவர் கல் பொறுக்கிப் போட்டார். ஒவ்வொரு கல்லையும் போடும்போது அதற்கு ஒரு பெயர் சொன்னார். ஜெபக்கூடத்து மூப்பர்களின் பெயர்கள் எல்லாம் அந்தக் குழிக்குள் போயின. டிலிஸ் சிரிக்கக் கூடாது என்று இருந்தவள் மூன்றாவது மூப்பரில் சிரித்துவிட்டாள்.

மறுநாள் நடுக் கம்பங்கள். அதற்கு மறுநாள் வலையைப் பிரித்து நிமிர்த்தும் வேளை வந்தது. அப்போதுதான் ஹெவின் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"கம்பி எந்தப் பக்கம்?"

இது கேட்க வேண்டிய கேள்விதான். ஆடு எந்தப் பக்கத்திலிருந்து முட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் கம்பத்தில் வலையை அடிக்க வேண்டும். அப்படி அடித்தால் ஆடு முட்ட முட்ட வலை கம்பத்தின் மேல் போய் அழுந்தும், கம்பம் தாங்கிக்கொள்ளும். மாற்றி அடித்தால் முட்டுகிற பாரமெல்லாம் ஆணியின் மேல் விழும். வேலிக்கு அடிக்கிற ஆணி இரண்டு கால் உள்ள லாட ஆணி. அதை முழுதாக அடிக்கவும் கூடாது, கம்பி உள்ளே ஓடி இறுகுவதற்கு விரல்நுனி இடம் விட வேண்டும். அந்த ஆணி கிடாவின் பாரத்தை எத்தனை நாள் தாங்கும்? முட்டப் போகிறவன் மேலே இருந்தான். ஆகவே வலை மேல்பக்கம்தான் வர வேண்டும். இதெல்லாம் டிலிஸுக்கு ஹெவினைவிட நன்றாகத் தெரியும்.

"நம்ம பக்கம்" என்றாள்.

"டிலிஸ்."

"மேல்பக்கம் ஆணி அடிக்கணும்னா அவன் நெலத்துல நின்னு அடிக்கணும். அவன் நெலத்துல நிக்கணும்னா அவன்கிட்ட கேக்கணும். நான் கேக்க மாட்டேன்."

"நான் கேக்கறேன். எனக்கும் அவனுக்கும் சண்டை இல்லையே. சண்டை போடறதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல."

"நீ போய் கேட்டா நான் கேட்ட மாதிரி."

"அப்ப கேக்காமலே ஏறி நின்னு அடிச்சுடுவோம். பெரணிகூட வெட்டி விட்டிருக்கான்."

"திருட்டுத்தனமா அவன் மண்ணுல கால் வெக்கவா? அப்புறம் ஜெபக்கூடத்து வாசல்ல நின்னு அதையும் சொல்லுவான்."

ஹெவின் சுத்தியலை எடுத்துக்கொண்டார். "சரி மகராசி. பென்ரிவ் கெடா வந்தா அவன்கிட்டயே சொல்லு, ரூல்ஸ்படி கீழ இருந்துதான் முட்டணும்னு" என்றார்.

வலையைச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். சுருள் சுருளாகச் சரிந்து கிடந்த வலை மெல்ல எழுந்து நின்றது. கம்பிகளில் இருந்த சின்னச் சின்ன நெளிவுகள் பாதி நிமிரும்வரை இழுத்து நிறுத்தினாள் டிலிஸ். முழுக்க நிமிர்ந்துவிட்டால் கம்பிக்குக் குளிர்காலத்தில் சுருங்க இடம் இருக்காது. மேலே இரண்டு வரிசை முள்கம்பி ஓடியது. கையால் தட்டினால் தம்பூரா மாதிரி அதிர்ந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தப்பான பக்கம் அடித்த வேலி என்று பார்த்தால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஆடு வளர்க்கிறவர்களைத் தவிர.

அந்த நாட்களில் இத்தெல் தினமும் தன் நாலு சக்கர பைக்கில் மேல்வரப்பு வழியாக வருவான். நாயைப் பின்னால் உட்கார வைத்திருப்பான். வேலிக்கு நேரே வந்ததும் வண்டியை நிறுத்துவான். இன்ஜினை அணைக்காமல் கொஞ்ச நேரம் பார்ப்பான். ஒரு தடவை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு போய்விடுவான்.

"நக்கலா பாத்துட்டுப் போறான்" என்றாள் டிலிஸ்.

"அந்த மூஞ்சில நக்கல் வந்து நான் பாத்ததே இல்லையே. அது அஜீரணமா இருக்கும்" என்றார் ஹெவின்.

வாணம் விட்ட மறுநாள், டிலிஸ் இரவல் வாங்கி வந்திருந்த பால்வென் கிடா ஜாக்கோவைத் தன் ஆடுகளோடு விட்டாள். விடும் முன் அவன் நெஞ்சில் நீலச் சாயம் அப்பினாள். கிடா எந்த ஆட்டின் மேல் ஏறினாலும் அதன் பின்முதுகில் நீலம் ஒட்டிக்கொள்ளும். எந்த ஆடு சேர்ந்தது, எது இன்னும் சேரவில்லை என்று காலையில் எழுந்ததும் தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். ஜாதி ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

இத்தெலும் அன்றே சார்ஜண்டை மேல்நிலத்தில் விட்டான். டிலிஸ் கீழேயிருந்து பார்த்தாள். சார்ஜண்டின் நெஞ்சு ரத்தச் சிவப்பாக இருந்தது.

"இத்தெல் என்னிக்கு கெடாவுக்குச் சாயம் பூசினான்?" என்றார் ஹெவின் ஆச்சரியமாக. "அவன்கிட்ட இருக்கறது ஒரே கெடா. எந்தக் குட்டி பொறந்தாலும் அப்பன் ஒருத்தன்தான். அவனுக்குச் சாயம் எதுக்கு?"

"எனக்குச் சவால் விடறான். என் கெடா வருவான், வந்து அடையாளமும் போட்டுட்டுப் போவான், உன்னால என்ன செய்ய முடியும்னு கேக்கறான்." டிலிஸ் கோபத்தில் விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை. ஹெவின் எழுந்து போய் உப்பை எடுத்துவந்து தூவிக்கொண்டு சாப்பிட்டார்.

சார்ஜண்ட் முட்டவெல்லாம் இல்லை. அவன் அவசரப்படாதவன். வெட்டிவிட்ட பெரணி வழியில் சாவகாசமாக வந்து, வேலியில் தோளைச் சாய்த்து நிற்பான். அரை நாள் அப்படியே நிற்பான். போய் மேய்ந்துவிட்டு மறுபடி வந்து சாய்வான். இரண்டு நாளில் ஆணிகள் அரை விரல் வெளியே வந்தன. டிலிஸ் சுத்தியலோடு போய் அவற்றைத் திரும்ப உள்ளே அடித்தாள். கம்பிக்கு இடம் விட வேண்டும் என்ற நியாயத்தையெல்லாம் விட்டுவிட்டு மரத்தோடு மரமாக அடித்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சார்ஜண்ட் அசைபோட்டுக்கொண்டே அவளைப் பார்த்தான். மழை பிடித்தது. புதுக் கம்பம் நனைந்து ஊறியது. ஊறின மரத்தில் ஆணி வெண்ணெயில் நின்றது போலத்தான்.

மழை விட்ட காலையில் அவள் ஜன்னலைத் திறந்து பார்த்தபோது, ஒன்பது கறுப்பு முதுகுகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை முதுகு இருந்தது.

காலணி மாற்றாமல் ஓடினாள். மூன்று கம்பங்களில் வலை கழன்று பாவாடை மாதிரி தொங்கியது. ஆணிகள் புல்லில் கிடந்தன. ஜாக்கோ வரப்போரம் ஒதுங்கி, தான் இந்த ஊரே இல்லை என்பது போல நின்றான். சார்ஜண்ட் கிழட்டு ஆடு மாலியின் பக்கத்தில் நின்றிருந்தான். மாலியின் பின்முதுகில் சிவப்பு பளிச்சென்று இருந்தது. டிலிஸ் மற்ற ஆடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நாலு நீலம். மீதி நாலில் எந்தச் சாயமும் இல்லை. சிவப்பு வேறு எதிலும் இல்லை.

ஹெவின் கோட்டை மாட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தார். இருவரும் தீவன வாளியைக் காட்டி சார்ஜண்டைக் கொட்டகைக்குள் ஏமாற்றிக் கொண்டுபோய்த் தாழ் போட்டார்கள்.

"சந்தைப் பேச்ச இப்ப எடுக்காத, இன்னும் சேராதது நாலு மிச்சம் இருக்கு" என்றார் ஹெவின். "தொங்கறத அதே பக்கம் திரும்ப அடிச்சா நாளைக்கு மறுபடி வருவான்."

டிலிஸ் கொட்டகைச் சுவரில் சாய்ந்து நின்றாள். உள்ளே சார்ஜண்ட் சந்தோஷமாகத் தீவனம் மெல்லும் சத்தம் கேட்டது. யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். கிடா கிடாவின் வேலையைத்தான் செய்தது. இத்தெல் அவன் நிலத்தில் அவன் கிடாவை விட்டான். வலையை இந்தப் பக்கம் அடிக்கச் சொன்னது அவள். தன் வாயாலேயே சொன்னாள். ஒன்பது ஆட்டையும் காப்பாற்ற இருந்த ஒரே வழியை, ஒரு வார்த்தை கேட்கக் கூச்சப்பட்டுக் கெடுத்துக்கொண்டது அவளேதான். அழுகை வரும் போல இருந்தது.

"வாளியக் குடு. அவன் கெடாவ அவன்கிட்ட விட்டுட்டு வரேன்" என்றாள்.

"நானும் வரட்டா?"

"வேண்டாம். கழட்டறதுக்குக் குறடு எடுத்து வை."

சாலை வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். டிலிஸ் முன்னால் வாளியோடு நடக்க, சார்ஜண்ட் நாய்க்குட்டி மாதிரி பின்னால் வந்தான். தபால் வண்டிக்காரன் எதிரே வந்து, ஓரமாக நிறுத்தி, இந்த ஊர்வலத்தை வாய் பிளந்து பார்த்தான். மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இத்தெல் முற்றத்தில் நின்றிருந்தான். அவன் தனிக்கட்டை. ஸ்வெட்டரின் முழங்கையில் ஓட்டை இருந்தது. டிலிஸையும் கிடாவையும் பார்த்தவன் பட்டியின் படலைத் திறந்தான். சார்ஜண்ட் உள்ளே போனான். படல் மூடியது. அதன்பிறகு பேசுவதைத் தவிர இருவருக்கும் செய்ய வேறு வேலை இல்லை.

"வலை மூணு கம்பத்துல போயிடுச்சு" என்றாள் டிலிஸ்.

"ம்."

"தப்பான பக்கம் அடிச்சிட்டேன்."

"தெரியும். தெனமும் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"பாத்தியா? பாத்துட்டு ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா உனக்கு?"

"சொன்னா என்ன சொல்லியிருப்ப?"

டிலிஸ் யோசித்தாள். "உன் வேலையப் பாருன்னு சொல்லியிருப்பேன்."

"அதான் என் வேலையப் பாத்தேன்." இத்தெல் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். "நீ மேல்பக்கம் நின்னுதான் அடிப்பன்னு நெனச்சேன். அதான் ஒனக்கு நடக்க வழியா இருக்கட்டும்னு பெரணிய வெட்டி வெச்சேன். நீ ஏறவே இல்ல."

டிலிஸுக்கு முகம் சூடேறியது. பெரணி வெட்டின வழி அவள் கண் முன்னால் வந்து நின்றது. அதை வெட்ட ஒரு மனிதனுக்கு இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அவன் முதுகு வேறு சரியில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"இத்தெல், உன் நெலத்துல நின்னு ஆணி அடிக்கணும்" என்றாள். ஏழு மாதத்தில் அவள் அவனிடம் கேட்ட முதல் உதவி அது. சொல்லி முடித்தபோது, இவ்வளவுதானா என்று இருந்தது.

"சுத்தியல் கொண்டாந்தியா, என்னுது எடுக்கட்டா?"

அன்று பகல் முழுக்க மூவரும் வேலை செய்தார்கள். கீழ்ப்பக்கம் நின்று ஹெவின் பழைய ஆணிகளைக் குறடு போட்டுப் பிடுங்கினார். முள்கம்பியைத் தளர்த்தி, வலையைக் கழற்றி, கம்பங்களின் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் மாற்றினார்கள். மேல்பக்கம் பெரணி வழியில் நின்று டிலிஸும் இத்தெலும் ஆணி அடித்தார்கள். அவள் வலையைப் பிடிக்க அவன் அடித்தான், கை ஓய்ந்தால் மாற்றிக்கொண்டார்கள். மழைக்கு ஊறின கம்பத்தில் ஆணியைச் சாய்த்து அடிக்க வேண்டும், நேராக அடித்தால் மரம் பிளக்கும் என்று ஒரு தடவை அவன் சொன்னான். எனக்குத் தெரியும் என்றாள் அவள். தெரிந்தும் நேராக அடித்திருக்கிறாயே என்றான். அவள் சுத்தியலை அவன் கையில் திணித்தாள்.

"மூலைக் கம்பம் நல்லா நிக்குதே டான்ரிவ், உள்ள என்ன போட்ட?" என்று கேட்டான் இத்தெல், ஹெவினைப் பார்த்து. எங்கள் பக்கத்தில் ஆளை நிலத்தின் பெயரால்தான் கூப்பிடுவது.

"மூப்பர்கள" என்றார் ஹெவின். விளக்கியதும் இத்தெல் சிரித்தான். அவன் சிரிப்பும் அடித்தொண்டையில் இருந்துதான் வரும்.

கடைசி ஆணி இறங்கியபோது மலைக்குப் பின்னால் வெயில் சாய்ந்துவிட்டது. முள்கம்பி மறுபடி இறுகி நின்றது. டிலிஸ் வலையின் மேல் தன் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்து பார்த்தாள். வலை கம்பத்தில் போய் அழுந்தியது. ஓர் ஆணிகூட அசையவில்லை. இனி சார்ஜண்ட் ஆயுசு முழுக்கச் சாய்ந்து நின்றாலும் கவலையில்லை. மிச்சம் இருந்த நாலு ஆடும் கீழே நிம்மதியாக மேய்ந்தன, பக்கத்தில் ஜாக்கோ நீல நெஞ்சோடு நின்றான்.

ஹெவின் சாமான்களைப் பெட்டிக்குள் போட்டார். பிறகு நிமிர்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற மனைவியைப் பார்த்தார். மூலையிலிருந்து மூலைக்கு ஒரு பார்வை ஓட்டினார்.

"ஆமா, வீட்டுக்கு எப்படி வரப்போற?"

டிலிஸ் வேலியைப் பார்த்தாள். நெஞ்சளவு உயரம், மேலே இரண்டு வரிசை முள். அவளே இழுத்து இறுக்கினது. அந்த நீளம் முழுக்க ஒரு கதவு இல்லை, கால் வைத்து ஏற ஒரு படிகூட இல்லை.

"கதவு வெக்கணும்னு தோணவே இல்லையா ஒனக்கு?" என்றான் இத்தெல்.

"அந்தப் பக்கம் போகவே மாட்டேன்னு இருந்தவளுக்குக் கதவு எதுக்கு?" என்றார் ஹெவின். "பெட்டிய நான் கொண்டுபோயிடறேன். இருட்டறதுக்குள்ள சுத்தி வந்து சேரு." சொல்லிவிட்டு விசிலடித்துக்கொண்டு இறங்கினார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தால், வீடு போய்ச் சேரும்வரை சிரித்திருப்பார் போல.

டிலிஸும் இத்தெலும் மேலே ஏறினார்கள். சாலைக்குப் போக வேண்டுமானால் அவன் முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். முற்றத்தில் பட்டிக்குள் சார்ஜண்ட் படுத்திருந்தான். மழையில் கரைந்தும் நெஞ்சுச் சிவப்பு போகவில்லை. டிலிஸ் படலருகே நின்றுவிட்டாள்.

"மாலிக்குப் பொறக்கப் போறது உன் கெடாவோட குட்டி" என்றாள்.

"ஆமா. என் கெடாதான்."

"இந்தத் தடவை உடனே ஒத்துக்கற."

"ஒத்துக்காம என்ன? சிவப்பா இருக்கே."

"நீ ஏன் அவனுக்குச் சாயம் பூசின, இத்தெல்? உன் வாழ்க்கையில நீ பூசினதே இல்ல."

இத்தெல் தொப்பியைக் கழற்றி, அதன் உள்பக்கத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டான்.

"போன தடவை என் கெடா இல்லன்னு சொன்னேன்ல" என்றான். "அது பொய். சொல்லும்போதே தெரியும். நீ கையெல்லாம் ரத்தத்தோட வாசல்ல வந்து நின்ன வேகத்துல வாய் முந்திக்கிச்சு. அப்புறம் அத எப்படித் திருப்பி எடுக்கறதுன்னு தெரியல. ஜெபக்கூடத்துல உன் முதுகப் பாத்துப் பாத்துப் பாடறதே பெரும் பாடாப் போச்சு." படலின் மேல் கையை வைத்தான். "இந்தத் தடவை அவன் எறங்கினா, எனக்கே பொய் சொல்ல வழி இருக்கக் கூடாதுன்னு தோணுச்சு. அதான் பூசினேன்."

டிலிஸ் சிவப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இதைத்தான் சவால் என்று நினைத்தாள். இதற்குத்தான் உப்பில்லாமல் சமைத்தாள். அவள் மனசு ஒரே நேரத்தில் வெட்கப்பட்டது, சந்தோஷப்பட்டது. வீணாய்ப் போன ஏழு மாதத்தை நினைத்து அழவும் செய்தது. கண்ணைத் துடைக்கக் கை தூக்கியவள், கை முழுக்கத் துருவும் சேறும் இருப்பதைப் பார்த்துத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"வர ஞாயித்துக்கிழமை நீ பாடு" என்றாள். "நானும் பாடறேன்."

"சரி." இத்தெல் தொண்டையைச் செருமினான். "அந்த வேலி நடுவுல ஒரு கதவு வெச்சா என்ன? என்கிட்ட பழைய கதவு ஒண்ணு கெடக்கு."

"வெக்கலாம். கொஞ்சம் மேடான எடமாப் பாத்து."

"எந்தப் பக்கமாத் தொறக்கறது? உன் பக்கமா, என் பக்கமா?"

டிலிஸ் வாயைத் திறந்தாள், பதில் தயாராகத்தான் இருந்தது. சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அவன் சமையலறை ஜன்னலில் காலையில் அணைக்க மறந்த விளக்கு எரிந்தது. குளிர் காலுக்குள் ஏறியிருந்தது.

"மொதல்ல டீ போடு" என்றாள். "அப்புறமா அதுக்குச் சண்ட போடலாம்."